நாணயமும் சோதனைத் தீயும்: கண்டி நாட்டுப் பழைய வழக்கும் இக்காலப் போலிக் கிரிப்டோ நாணயங்களும்

தமிழிலே நாணயம் என்னுஞ் சொல் காசைக் குறிப்பதோடு மனிதனுடைய நேர்மையையுங் குறிக்கும். ஒருவனை 'நாணயமானவன்' என்று கூறும்போது, அவன் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்பதே பொருள். காசும் அத்தகையதே. அதை வாங்குபவன் அதனுள் இருக்கும் பெறுமதியை நம்பியே வாங்குகின்றான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது, அதை எவ்வாறு சோதிப்பது என்னும் வினா காசு தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது. பண்டைத் தமிழகத்தில் நாணயஞ் சோதிப்போர் வண்ணக்கர் எனப்பட்டனர். சங்கப் புலவர் சிலருடைய பெயர்களிலும் அச்சொல் ஒட்டிக் காணப்படுகின்றது. மலைசூழ்ந்த கண்டி இராச்சியத்திலோ, சோதனை ஒரு தனி வகுப்பினரின் தொழிலாக மட்டும் இருக்கவில்லை. அடுப்பும் தண்ணீரும் உள்ள எவரும் அதனைச் செய்யலாம்.

இதை அறிதற்குப் பெருந்துணையாவது உறொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூல். திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டிற் பிடிபட்ட இவர், இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்சியிற் கண்டி நாட்டிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தார். கைதி எனினும் சிறையில் அடைபட்டவரல்லர். ஊர்களிற் குடியிருந்து, தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும், பின்னர்ச் சில்லறைப் பொருள்களைச் சுமந்து திரிந்து வியாபாரஞ் செய்தும் பிழைத்தார். உடுநுவரையைச் சார்ந்த எலதத்தையிலே தமக்கென வீடும் நிலமும் வைத்திருந்தார். 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பிய அவர், தமது நூலை 1681இல் இலண்டனில் வெளியிட்டார். காசு வாங்கியும் கொடுத்தும் வாழ்ந்தவராதலின், கண்டி நாட்டுக் காசைப்பற்றி அவர் கூறுவன அரண்மனைச் செய்திகளைக் காட்டிலும் நம்பத்தக்கன.

அவர் கூறுமிடத்து மூவகைக் காசுகள் அந்நாளில் வழங்கின. ஒன்று போர்த்துக்கேயர் அடித்தது. மற்றொன்று அரசனுக்கே உரிய மிகச் சிறிய காசு. நொக்சு அதற்குக் கூறும் பெயர் 'பணம்' என்னும் நம் சொல்லின் திரிபே எனக் கொள்ளலாம். எழுபத்தைந்து பணம் சேர்ந்தால் ஓர் இசுப்பானிய வெள்ளி. அரசனையன்றி வேறொருவர் அதை அடித்தால் மரண தண்டனை. இவ்விரண்டிலும் வியப்பில்லை. வியப்புக்குரியது மூன்றாவது வகையே. மீன் பிடிக்குந் தூண்டிலைப்போல வளைந்த வெள்ளிக் கம்பி அது. பாரசீகத்தின் இலார் என்னும் நகரின் பெயரால் இலாரின் எனப்பட்ட காசு, கடல் வாணிகத்தோடு இலங்கைக்கு வந்து, கொக்கி வடிவம் பெற்றுச் சிங்களத்திற் 'கொகு ரிதி' என வழங்கலாயிற்று. அரசனுடைய அனுமதியோடு அக்காசை எவரும் செய்து கொள்ளலாம். அதன்மேல் தாம் விரும்பிய எந்த முத்திரையையும் பொறித்துக் கொள்ளலாம்.

யாவரும் காசடிக்கும் நாட்டிற் போலிக் காசு பெருகாதிருந்தது எங்ஙனம்? விடையையும் நொக்சே தருகின்றார். வெள்ளியின் தரத்தில் ஐயமுற்றவன் அக்காசை நெருப்பிலிட்டுச் செக்கச்சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவான். அப்போது தூய வெண்மையாக விளங்கினாலன்றி அது செல்லாது. இதன் காரணம் எளியது. வெள்ளியிற் செம்பு கலந்திருந்தால், காய்ச்சும்போது செம்பு காற்றோடு சேர்ந்து மேற்பரப்பைக் கருக்கச் செய்யும். தூய வெள்ளி கருக்காது. அக்கொக்கிக் காசின் வெள்ளி இசுப்பானிய வெள்ளியினுந் தூயது என்று அவர் சான்று பகர்கின்றார்.

இவ்வழக்கின் நுட்பத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். முத்திரைக்கு இங்கே மதிப்பில்லை. யார் செய்தார் என்பதற்கும் மதிப்பில்லை. வாங்குபவன் கையிலே சோதனை இருந்தது என்பதுதான் அக்காசைக் காப்பாற்றியது. விற்பவன் சோதனைக்கு இணங்க மறுத்தால், அம்மறுப்பே காசு போலியென்பதற்கு அடையாளமாகியிருக்கும்.

வட்டியைப்பற்றியும் நொக்சு ஒரு குறிப்புத் தருகின்றார். நெல்லைக் கடன் கொடுத்தால் நூற்றுக்கு ஐம்பது வட்டி. மிகக் கொடிய வட்டி எனத் தோன்றும். அவரே அவ்வாறு கொடுத்துப் பயனடைந்தவர். ஆயினும் இரண்டு ஆண்டுகள் வட்டி கொடாதிருப்பின் கடன் இரட்டிக்கும். அதன்பின் எத்தனை ஆண்டு சென்றாலும் அதற்குமேல் வளராது என்பது நாட்டு வழக்கு. இந்து தருமநூல் மரபில் தாம்துபட் எனப்படும் விதியும் இதனையே கூறும். வட்டி முதலை மிஞ்சலாகாது. செல்வம் எத்துணை விரைவாகப் பெருகக்கூடும் என்பதற்கு ஓர் எல்லையுண்டு என்பதை உழவுத்தொழிலை அறிந்த சமுதாயங்கள் உணர்ந்திருந்தன. நெல் வயலில் விளைந்தே ஆகவேண்டும். வாக்கிலே விளையாது.

1815இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர்க் கம்பளையிலும் பேராதனைக்கு அருகிலும் தொடங்கிய கோப்பிச் செய்கை மலைநாடெங்கும் பரவியது. 1867இற் புகையிரதம் கண்டியை எட்டிற்று. அப்போது இரு புதிய நாணய வகைகள் தோன்றின. ஒன்று, கோப்பி ஆலைகள் தம் தொழிலாளருக்குக் கூலிக் கணக்காகக் கொடுத்த செம்பு, பித்தளை வில்லைகள். அவற்றை மாற்றிக்கொள்ளும் இடம் அவற்றைக் கொடுத்தவருடைய வாசலே. அவ்வாசல் மூடப்பட்டால் வில்லை வெறும் பித்தளை. மற்றொன்று வங்கிகள் வெளியிட்ட காகித நோட்டு. காகிதத்தை நெருப்பிலிட்டுச் சோதித்தல் இயலாது. கண்டியான் கையிலிருந்த சோதனை அன்றோடு போயிற்று. இனி அவன் காசையல்ல, காசை வெளியிட்டவனைச் சோதிக்க வேண்டியவனானான். அதற்குரிய கணக்கேடுகளோ அவன் கண்ணுக்கு எட்டாதவை.

இதன் விளைவு 1884இல் வெளிப்பட்டது. கிழக்கிந்திய வாணிகத்திற் பெரும் பெயர் பெற்று, இலங்கையிலே பெருமளவில் நோட்டு வெளியிட்டு வந்த ஓரியன்டல் பாங்குக் கோப்பரேசன் அவ்வாண்டு மே மாதம் 3ஆந் தேதி பணங்கொடுப்பதை நிறுத்திற்று. 1869இல் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. கடனை நம்பி நின்ற மலைநாட்டு வாணிகம் நிலைகுலைந்தது. நோட்டை வைத்திருந்தோர் முதலுக்கே மோசம் போயினரென்று கலங்கினர். தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அந்நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். இது துணிவான செயல். பின்னர் அரசாங்கமே நோட்டு வெளியிடச் சட்டம் இயற்றப்பட்டு, 1885 முதல் அரசாங்க நோட்டு வழங்கலாயிற்று. அவ்வங்கி மோசடிக்காரர் கூட்டமன்று. எனினும், வாங்குபவனாற் சோதிக்க முடியாத காசுக்குப் பின்னாற் சட்டப்படி பொறுப்பாளி ஒருவன் நிற்றல் இன்றியமையாதது என்பதை அந்நிகழ்ச்சி மலைநாட்டாருக்கு உணர்த்திற்று. 1950இல் நிறுவப்பட்ட மத்திய வங்கி அப்பொறுப்பின் இன்றைய வடிவம்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2008 ஒக்டோபரிலே சத்தோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. 2009 சனவரியிற் பிட்கொயின் என்னும் இலத்திரன் நாணயம் இயங்கத் தொடங்கிற்று. அரசு இல்லை, வங்கி இல்லை, பொறுப்பாளியும் இல்லை. அவற்றுக்கு ஈடாக அந்நாணயம் காட்டுவது ஒரு பொதுப் பேரேடு. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அதிற் பதியப்படும். உலகின் பல பாகங்களிலுள்ள கணினிகள் அதன் படிகளை வைத்திருக்கும். எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தை மிஞ்சாது என்பதும் அவ்விதிகளிலே எழுதப்பட்டது. கண்டி நாட்டுக் கொக்கிக் காசோடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும். தனியார் உண்டாக்கலாம், ஆனால் யாவரும் சோதிக்கலாம். திறந்த பேரேடே இங்குச் சோதனைத் தீ. பேரேடு மெய் என்பதனால் விலை நிலையானது என்று கொள்ளலாகாது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 அமெரிக்க தொலராக ஏறிய பிட்கொயின், அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000 தொலருக்குங் கீழே இறங்கிற்று. விலை வீழ்ச்சி வேறு, மோசடி வேறு. இவ்விரண்டையும் மயக்குவோர் மெய்க்காசை வெறுப்பர், அல்லது போலிக்காசின் அழிவை 'சந்தை இறங்கிவிட்டது' என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொள்வர். மோசடிக்காரர் விரும்புவது பின்னதை.

போலிகளுட் பெரிது 2014இற் பல்கேரியாவிலிருந்து தொடங்கிய வன்கொயின். உருசா இக்னத்தோவா என்னும் பெண்மணி அதன் தலைவி. பிட்கொயினை வெல்லும் நாணயம் எனப் பெருங்கூட்டங்களில் முழங்கப்பட்டது. விற்கப்பட்டதோ 'கல்விப் பொதிகள்'. அவற்றை வாங்கினால் நாணயம் கிடைக்கும், பிறரை வாங்கச் செய்தால் தரகு கிடைக்கும். அந்நாணயத்துக்கு மெய்யான பொதுப் பேரேடு இருக்கவில்லை. அதன் விலை வெளிச்சந்தையில் உண்டானதன்று. நடத்தினவர்களே தாம் விரும்பியவாறு எழுதிக்கொண்டது. நாணயத்தை மாற்றுதற்கு இருந்த ஒரே இடம் அவர்களுடைய மாற்றகமே. 2017 சனவரியில் அது மூடப்பட்டது. கோப்பி ஆலை வில்லையின் கதையே இது, ஆனால் கையிற் பித்தளையும் மிஞ்சவில்லை. 2017 ஒக்டோபரிலே சோபியாவிலிருந்து ஏதென்சுக்கு விமானமேறிய இக்னத்தோவா மறைந்துவிட்டார். 2022இல் அமெரிக்காவின் எப்.பி.ஐ. தான் தேடும் பதின்மருள் ஒருவராக அவரைச் சேர்த்தது. உடனிருந்து தொடங்கிய காள் செபாத்தியன் கிறீன்வூட் என்பவருக்கு 2023 செத்தெம்பரில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இழப்பு 400 கோடி தொலருக்கு மேல்.

நாணயம் மெய்யாக இருந்தும் வாக்குப் பொய்யாவதுண்டு. இந்தியாவிலே கெயின் பிட்கொயின் என்னும் பெயரால் அமித் பரத்வாசு நடத்திய திட்டம் இவ்வகையது. மக்கள் பிட்கொயினைக் கொடுத்தனர். சுரங்கத்தொழில் எனப்படும் கணினிப் பணியால் மாதம் நூற்றுக்குப் பத்தாகப் பதினெட்டு மாதங்கள் திரும்பக் கிடைக்கும் என்பது வாக்கு. பின்னர்ப் பிட்கொயினுக்குப் பதிலாகத் தாமே உண்டாக்கிய, பெறுமதி குன்றிய எம்கெப் என்னும் நாணயத்தைக் கொடுக்கலாயினர். நல்வெள்ளியை வாங்கிக்கொண்டு செம்பைக் கொடுத்த கதை. 2018இல் அவர் கைதானார். சூரத்தைச் சேர்ந்த சதீசு கும்பானி தொடர்புற்ற பிட்கனெக்ட் மாதம் நூற்றுக்கு நாற்பது வரையுங் கிடைக்கலாம் என்றது. தானே வணிகஞ் செய்யும் ஒரு கணினி நிரல் இலாபத்தை ஈட்டுகின்றது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்நிரலைக் கண்டவர் எவருமிலர். 2018 சனவரியில் அது கடையை மூடிற்று.

1920இற் பொசுடன் நகரிலே சார்ள்சு பொன்சி நாற்பத்தைந்து நாளில் நூற்றுக்கு ஐம்பது தருவேன் என்றான். வட்டி கொடுக்க அவனிடமிருந்த ஒரே மூலம் பின்வந்தவர் கொடுத்த முதல். கணினியும் இலத்திரன் பேரேடும் இல்லாத காலத்திலேயே அவ்வித்தை முழுமை பெற்றிருந்தது. புதியது பெயர் மட்டுமே. ஈண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று என்னும் வாக்கு மிக அடக்கமானதாகத் தோன்றும். வட்டிக்கு வட்டியாக ஓராண்டு விட்டால் ஓர் இலட்சம் ரூபா 37 இலட்சத்தையும் தாண்டும். அரைக்கு அரை வட்டி வாங்கிய நொக்சின் நெற்கடனோ ஓர் இலட்சத்தை ஒன்றரை இலட்சமாக்கும், இரட்டித்தபின் நின்றும் விடும். உலகத்தின் எந்த வயலும் எந்தக் கடையும் விளைவிக்காத இலாபத்தை ஒரு கைப்பேசிச் செயலி விளைவிக்கும் என்பவனிடம், அது எவருடைய கையிலிருந்து வருகின்றது என்று கேட்டல் வேண்டும்.

இலங்கையில் இத்தகைய திட்டங்கள் பரவிய காலத்தையும் மறத்தலாகாது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு தொலரின் விலை மே மாதமளவில் 360 ரூபாவை அண்மித்தது. சேமித்த பணம் கண்ணெதிரே கரைந்தபோது, தொலரிலே கணக்குக் காட்டுந் திட்டம் எதுவும் மக்களுக்கு ஒரு புகலிடமாகத் தோன்றியதில் வியப்பில்லை. பேராசையே காரணம் என்று ஏமாந்தவரைப் பழித்தல் எளிது, ஆனால் நியாயமன்று. அச்சமும் ஒரு காரணம். இத்திட்டங்கள் அந்நியராற் பரப்பப்படுவன அல்ல என்பது மற்றொன்று. உறவினர், உடன் கற்றோர், ஊரில் மதிப்புள்ளோர் ஆகியோரே தாம் நம்பியதைப் பிறருக்கும் உரைக்கின்றனர். முதலிற் சேர்ந்தவருக்குச் சிறு தொகை மெய்யாகவே கைக்கு வரும். அவர் பொய் சொல்வதில்லை. அதனாலேயே அவர் சொல் எடுபடுகின்றது.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு இதற்கென ஓர் உரைகல்லை வைத்திருக்கின்றது. பணங்கட்டிச் சேருவோர் பெறும் பயன், சேருவோர் தொகை பெருகுவதையோ அவர்கள் கட்டும் பணம் பெருகுவதையோ பெரும்பாலும் பொறுத்திருந்தால், அது தடைசெய்யப்பட்ட திட்டமாகும். நாணயமா, மருந்துப் பொருளா, செயலியா என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை. இப்பிரிவின்கீழ் மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட பட்டியலில், கிரிப்டோவின் பெயரால் நடந்த ஸ்போர்ட்ஸ் செயின், ஒன்மெக்ஸ் டி.ரி., எம்.ரி.எப்.ஈ. ஆகியனவும் இடம்பெற்றன. அதற்கு முன்னர் 2022 யூலையில், மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்துவதற்கு எந்நிறுவனத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அவ்வங்கி அறிவித்திருந்தது. ஆகவே 'மத்திய வங்கியில் அனுமதி பெற்றது' என்று அந்நாளில் ஒருவர் ஒரு சான்றிதழைக் காட்டியிருந்தால், அச்சான்றிதழே அவருக்கெதிரான சாட்சி. கம்பனிப் பதிவுச் சான்றிதழ் வேறு, மக்களிடம் பணம் பெறும் அனுமதி வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுதல் பழைய தந்திரம்.

கண்டியான் தீயை மூட்டியதுபோல இக்காலத்தவன் செய்யத்தக்க சோதனைகளுட் சிறந்தது, போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டல். திரையிலே தோன்றும் இலாபம் முத்திரையைப் போன்றது, யார் வேண்டுமாயினும் பொறிக்கலாம். சிறுதொகை திரும்பி வருவது சோதனையாகாது, அது தூண்டிலின் இரையாகவும் இருக்கலாம். பெருந்தொகையைக் கேட்கும்போது 'முதலில் வரி கட்டுக', 'கணக்கைத் திறக்க இன்னுஞ் சிறிது செலுத்துக' என்று விடை வந்தால், காசு கருத்துவிட்டது என்க. மெய்யான வரியை அரசு அறவிடும், செயலி அறவிடாது. அவ்வாறு கேட்கப்படும் தொகையைக் கட்டினவர் முன்னையதையும் பின்னையதையும் ஒருங்கே இழப்பர்.

பெயரை நம்புதலும் முத்திரையை நம்புதலே. புகழ்பெற்ற நாணயத்தின் பெயரையும் சின்னத்தையும் இட்டு வேறொரு நாணயத்தைச் சில நிமிடத்தில் உண்டாக்கிவிடலாம். பேரேட்டிலுள்ள முகவரி ஒன்றே இரண்டையும் வேறுபடுத்தும். பேரேட்டைக் காட்டு என்றால் 'அது இரகசியம்' எனும் நாணயம் தீக்கு அஞ்சும் வெள்ளி. தன் பணப்பையின் இரகசியச் சொற்களைக் கேட்பவரிடம் எவரும் அவற்றைக் கூறலாகாது. அச்சொற்கள் பெட்டியின் திறவுகோல், கேட்பவன் திருடனேயன்றி உதவியாளனல்லன்.

இழந்தபின்னரும் ஒரு வலை விரிக்கப்படுவதுண்டு. ஏமாந்தவர்களின் பெயர்ப்பட்டியல் மோசடிக்காரரிடையே கைமாறும். சில மாதங்கழித்து வழக்கறிஞர் என்றோ வெளிநாட்டு அதிகாரி என்றோ ஒருவர் தொடர்புகொண்டு, இழந்த நாணயத்தை மீட்டுத்தர முன்பணங் கேட்பார். துயருற்றிருப்பவர் அதையுங் கொடுத்துவிடுவர். அத்தகைய அழைப்பு வந்தாற் பொலிசுக்கும், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கும் அறிவித்தல் தகும். அத்திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1935. பணத்தை வைப்பிடுவதற்கு முன்னரும் அதே இலக்கத்திற் கேட்கலாம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பட்டியலும், அனுமதி பெற்ற வங்கிகளின் பட்டியலும் மத்திய வங்கியால் மும்மொழியிலும் வெளியிடப்பட்டுள்ளன.